லீக் சுற்றோடு திரும்பிய அணி

மாவட்டக் கபடி அணிக்கு என்னைப் பயிற்சியாளராகப் போட்டார்கள் என்று சொன்னால் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். உண்மையில் எனக்கு முன்னால் மூன்று பேரிடம் கேட்டு, மூன்று பேரும் மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் அது என்னிடம் வந்தது. ஒருவருக்கு மகள் கல்யாணம். ஒருவருக்கு இடுப்பு வலி. மூன்றாமவர் காரணமே சொல்லாமல் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த மூன்று பேரில் புத்திசாலி அவர்தான்.

தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு உதவியாளர் வேலை. ஆடி மாதம் ஒரு மதியம், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்த நேரத்தில் சங்கச் செயலாளர் போன் செய்தார். "இந்த வருசம் சீனியர் டீம நீ பாத்துக்க மாப்ள. கூட்டிட்டுப் போயிக் கூட்டிட்டு வந்துரு, அம்புட்டுத்தான்" என்றார். கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வர அதென்ன ஆட்டு மந்தையா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லாமல் உடனே சரி என்றுவிட்டேன். சோறு ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

ஏன் அப்படிப் பறந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஆடிய காலத்தில் மாவட்ட பனியனைப் போட்டுக்கொண்டு நான்கு முறை மாநிலப் போட்டிக்குப் போயிருக்கிறேன். நான்கு முறையும் லீக் சுற்றோடு திரும்பி வந்தோம். நான்கு அணிகள் கொண்ட ஒரு பிரிவில் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்தால்தான் அடுத்த சுற்று. எங்களுக்கு மூன்றாவது இடம் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு வருடம் ஒரே ஒரு பாயிண்டில் போனது. அந்த ஒரு பாயிண்டை இன்றைக்கும் பஸ்ஸில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நினைத்துக்கொள்வேன். நாற்பத்தெட்டு வயதாகி, மூட்டு தேய்ந்து, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற எனக்கு இந்த விளையாட்டில் மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். அந்த லீக் சுற்றை ஒரே ஒரு தடவை தாண்ட வேண்டும். கோப்பையெல்லாம் நான் கேட்கவில்லை.

வேலை ஆரம்பித்த பத்தாம் நாளே களைத்துவிட்டேன். திருமங்கலத்துக்கு வெளியே ஒரு பள்ளி மைதானத்தில் ஆள் தேர்வு நடத்தினோம். ஆட வந்தவர்களைவிட அவர்களுக்காக வந்த போன்கள் அதிகம். ஒருவர் தன் அக்கா மகனைச் சொல்வார், இன்னொருவர் தன் வார்டுப் பையனைச் சொல்வார், மூன்றாமவர் யாரையும் சொல்லாமல் "பாத்துச் செய்யிங்க" என்பார். ஒருவழியாகப் பன்னிரண்டு பேரைப் பிடித்தேன். அதில் நல்ல ரைடர் ஒருவன் எண்பத்தைந்து கிலோ வரம்புக்கு மேலே மூன்று கிலோ இருந்தான். பரோட்டாவை நிறுத்தச் சொன்னால், நிறுத்திவிட்டேன் என்று சத்தியம் செய்வான். சால்னா வாசம் அவன் சட்டையிலேயே இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பாதிப் பேர் எனக்குத் தெரியாமல் ஊர்ப் போட்டிகளில் போய் ஆடிவிட்டு, திங்கட்கிழமை நொண்டிக்கொண்டு வந்து பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்பார்கள். நம் பக்கத்துப் பாத்ரூம்கள் இவ்வளவு வழுக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அலுவலகம் முடிந்து தல்லாகுளத்திலிருந்து வண்டியை எடுத்தால் மைதானத்துக்குப் போய்ச் சேர ஐந்தே முக்கால். இருட்டும்வரை பயிற்சி. வீடு திரும்பி, சாப்பிட்டு, காலை நீட்டினால் கெண்டைக்கால் சதை தானாகத் துடிக்கும். என் மனைவி எண்ணெய் பாட்டிலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். தேய்த்துவிட மாட்டாள். நானாக இழுத்துப் போட்டுக்கொண்டதை நானாகவே தேய்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் கட்சி.

இத்தனைக்கும் நடுவில் எனக்குத் தெம்பாக இருந்தது இரண்டு பேர். ஒருவன் லெப்ட் கார்னர் ஆடுகிறவன். திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து தினமும் அவனியாபுரத்துக்குப் போய் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தான். இன்னொருவன் அவனுக்குப் பக்கத்தில் லெப்ட் இன் ஆடுகிறவன். திருமங்கலத்தில் மாட்டுத்தீவனக் கடையில் இருந்தான். பட்டறைக்காரனின் தங்கையைத்தான் தீவனக் கடைக்காரன் கட்டியிருந்தான். கல்யாணமாகி இரண்டு வருடம். அதனால் ஒருவனை அண்ணன் என்றும் இன்னொருவனை மாப்பிள்ளை என்றும் இங்கே எழுதுகிறேன்.

கபடியில் தடுக்கிறவர்கள் இருவர் இருவராகக் கை கோத்து நிற்பார்கள். பார்க்கிறவர்களுக்கு அது சும்மா அழகுக்கு மாதிரி தெரியும். அப்படி இல்லை. பாடி வருகிறவன் எந்தப் பக்கம் திரும்பப் போகிறான் என்பது ஒருவனுக்கு முதலில் தெரியும். தெரிந்த மறுகணம் அது அவன் விரல் வழியாக அடுத்தவனுக்குப் போக வேண்டும். வாயால் சொல்ல நேரம் கிடையாது. இந்த இருவருக்கும் அது அப்படிப் போனது. அண்ணன் விரலை லேசாக அழுத்துவான், மாப்பிள்ளை ரைடரின் முதுகுப் பக்கம் மடக்குவான், ஆள் தரையில் கிடப்பான். புரட்டாசியில் பக்கத்து மாவட்டங்களோடு ஆடிய மூன்று பயிற்சி ஆட்டங்களிலும் ஜெயித்தோம். மூன்றிலும் பாதிப் பாயிண்ட் அந்த இடது மூலையில்தான் விழுந்தது. "மாமன் மச்சான் போட்ட பூட்டுய்யா, சாவி கெடையாது" என்று நானே எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒருநாள் சாயங்காலம் இருவரும் கை கோக்காமல் நின்றார்கள். அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் பரோட்டா ரைடர் அன்றைக்கு இடது மூலையில் கடைக்குப் போய் வருகிற மாதிரி போய்ப் போய் வந்தான். பயிற்சி முடிந்து மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். வீட்டு விசயம், சரியாகிவிடும் என்றான். அண்ணனைக் கேட்டேன். வண்டியை ஸ்டார்ட் செய்துகொண்டே ஒன்றுமில்லை என்றான். கேப்டன்தான் கடைசியில் சொன்னான். அண்ணனின் தங்கை துணிப்பையோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாளாம்.

எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. எந்த வீட்டில் நடக்காதது என்றுதான் நினைத்தேன். என் மனைவியே கல்யாணமான புதிதில் ஒருமுறை அப்படிப் போயிருக்கிறாள். என் கவலை எல்லாம் மாநிலப் போட்டிக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது என்பதில் இருந்தது. ஒரு வாரம் பார்த்தேன். இடது மூலை திறந்தே கிடந்தது. வேறு இரண்டு பேரை நிறுத்திப் பார்த்தேன், அது இன்னும் மோசம். பிறகு நானே போய்ப் பேசிவிடுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. பெண் கோபித்துக்கொண்டு வந்துவிட்டால், இரண்டு வீட்டாரும் மதிக்கிற ஓர் ஆள் பழமும் பூவும் வாங்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவார். போனவர் உட்காருவார், ஆனால் கொடுத்ததைக் குடிக்க மாட்டார். நல்ல வார்த்தை சொல்லுங்கள், குடிக்கிறேன் என்பார். தேடி வந்த மனுசன் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டால் அந்த வீட்டுக்கு அது பெரிய குறை. ஊர் கேட்கும், சொந்தம் கேட்கும். அநேகமாக அந்த டம்ளர் ஆறுவதற்குள் பெண் சரி என்றுவிடும். எங்கள் சித்தப்பா இதில் கெட்டிக்காரர். அவர் தண்ணீர் குடிக்காமல் சேர்த்து வைத்த குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கும், என்னுடையதும் அதில் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை காலை சட்டையை மாட்டிக்கொண்டு மனைவியையும் கூப்பிட்டேன். பெண்பிள்ளை உடன் வந்தால் பேச வசதியாக இருக்கும் என்றேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"நீங்க அந்தப் பிள்ளைக்காகப் போறீங்களா, உங்க டீமுக்காகப் போறீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன்.

"அப்பன்னா நீங்களே போயிட்டு வாங்க" என்று கீரைக்கட்டைத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஆப்பிளும் ஆரஞ்சும் வாழைப்பழமும் நாலு முழம் மல்லிகையும் வாங்கிக்கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போனேன். சிறிய கான்கிரீட் வீடு. அண்ணன் எழுந்து நின்று வரவேற்றான், பிறகு வாசலோரம் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டான். அவன் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்தப் பெண்தான் காபி கொண்டுவந்து வைத்தது. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. முந்தானையை இழுத்துக் கழுத்தோடு போர்த்தியிருந்தது.

காபி வைக்கக் குனிந்தபோது முந்தானை விலகியது. இடது தாடைக்குக் கீழே, காது வரைக்கும், கன்றிப்போன தடம். ஆற ஆரம்பித்து மஞ்சளாகியிருந்தது. நான் பார்த்தேன். இதை மழுப்பாமல் எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கதையையே எழுத உட்கார்ந்தேன். பார்த்தேன், பார்த்தவுடன் சுவரில் இருந்த காலண்டருக்குக் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். அதில் எந்த மாதம் கிழிக்காமல் இருந்தது என்பதுகூட நினைவிருக்கிறது.

பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். அரசு அலுவலகத்தில் இருபது வருடம் மனுக்காரர்களை நைச்சியமாகத் திருப்பி அனுப்பிப் பழகிய வாய். பையன் நல்லவன், முன்கோபம், வயசு, நான் சொல்லிவைக்கிறேன், இனிமேல் நடக்காது. இனிமேல் நடக்காது என்று நானே சொன்னேன். எது நடந்தது என்று நான் கேட்கவே இல்லை. அந்த அம்மா இரண்டு தடவை காபியைக் குடிக்கச் சொன்னார். குடிக்கிறேன்மா, நல்ல வார்த்தை சொல்லுங்க என்றேன். காபியில் ஆடை படிந்தது. நான் எழுந்திருக்கப் போகிறவன் மாதிரி நாற்காலியின் கையைப் பிடித்தேன். அதுவும் சித்தப்பாவிடம் கற்ற வித்தைதான்.

அப்போது அந்தப் பெண் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டது. "ஆட்டத்துக்காகக் கேக்குறீகளாண்ணே?"

"சேச்சே. ஆட்டம் கெடக்குது தாயி. நீ நல்லா இருக்கணும்னுதான் வந்தேன்" என்றேன்.

அது கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தது. பிறகு அண்ணனைப் பார்த்தது. வீட்டுக்கு வந்த கோச்சை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவன் அவன். "சரி, சாயங்காலம் போறேன். நீங்க காப்பியக் குடிங்க" என்று அது உள்ளே போய்விட்டது. ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தேன். திரும்பி வரும்போது வண்டியில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாளே பூட்டு விழுந்துவிட்டது. அண்ணன் கையை நீட்டினான், மாப்பிள்ளை பிடித்துக்கொண்டான். முன்னைப்போலச் சிரித்துப் பேசவில்லை, ஆனால் விரல் வழியாகப் போக வேண்டியது போனது. அடுத்த நான்கு வாரங்கள் அந்த சீசனிலேயே நல்ல வாரங்கள். பரோட்டா ரைடர்கூட எண்பத்தி நாலரைக்கு வந்துவிட்டான். மாப்பிள்ளையிடம் ஒருமுறை தோளைத் தட்டி, வீட்டில் எல்லாம் சரிதானே என்று கேட்டேன். சரிதாண்ணே என்றான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அந்தப் பெண்ணை ஒருமுறை போனில் விசாரித்திருக்கலாம். தோன்றவே இல்லை.

கார்த்திகையில் மாநிலப் போட்டி, ஆறு மணி நேரப் பயணத்தில் வேறொரு மாவட்டத்தில் நடந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் எங்களையும் இன்னும் மூன்று அணிகளையும் தங்கவைத்தார்கள். மின்விசிறிகள் சுற்றின, காற்று மட்டும் வரவில்லை. முதல் நாள் ஆட்டத்தில் நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தோம். இரண்டாம் நாள் பிரிவிலேயே பலமான அணியிடம் தோற்றோம், ஆனால் மானமாகத் தோற்றோம். மூன்றாம் நாள் காலை ஆட்டம் மிச்சம். அதை ஜெயித்தால் இரண்டாம் இடம், அடுத்த சுற்று. அன்று காலை நான் மாத்திரை போட மறந்தேன், சாப்பிட மறந்தேன். நான்கு தடவை என்னைத் திருப்பி அனுப்பிய அதே இடத்தில் ஐந்தாவது தடவை வந்து நிற்கிறேன் என்பது மட்டும் மறக்கவில்லை.

ஆட்டம் தொடங்கி முதல் ரைடிலேயே பார்த்துவிட்டேன். மாப்பிள்ளை கையை நீட்டியபடி நிற்கிறான், அண்ணன் பிடிக்கவில்லை. இரண்டாவது ரைடிலும் பிடிக்கவில்லை. எதிரணி ரைடர் கண்ணுள்ளவன். மூன்றாவது ரைடிலிருந்து நேராக எங்கள் இடது மூலைக்கே வந்தான். டைம் அவுட் எடுத்துக் கத்தினேன். நான் கெட்ட வார்த்தை பேசாதவன் என்று எனக்கு நானே வைத்திருந்த பெயர் அன்றைக்குப் போனது. அண்ணன் தலையைக் குனிந்து கேட்டுவிட்டுத் திரும்பப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பாதி ஆட்டம் முடிந்தபோது ஒன்பது பாயிண்ட் பின்னால் இருந்தோம்.

இடைவேளை ஐந்து நிமிடம். அவனைத் தண்ணீர் டிரம் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். என்னடா நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டேன். அவன் நிதானமாகச் சொன்னான்.

"காலைல அம்மா போன் பண்ணுச்சுண்ணே. நாம கெளம்புன அன்னைக்கு தங்கச்சி, ஆட்டம் முடியிற வரைக்கும் அம்மா வீட்டுல இருக்கேன்னு கேட்டிருக்கா. கைய முறுக்கி ஒடிச்சிருக்கான். ரெண்டு நாளா யாருட்டயும் சொல்லாம இருந்திருக்கா. இப்ப ஆஸ்பத்திரில கட்டுப் போட்டுக்கிட்டு இருக்காக. ஒடிச்ச அந்தக் கையத்தான் என்னயப் பிடிக்கச் சொல்றீக."

ஆடுகிற மேட் விரிப்பின் அந்தப் பக்கம் மாப்பிள்ளை குனிந்து முழங்கால் பட்டையைச் சரி செய்துகொண்டிருந்தான். அவனை வெளியே உட்காரவைத்திருக்கலாம். பெஞ்சில் ஆள் இருந்தது. சுமாரான ஆள். அல்லது அண்ணனை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். பயிற்சியாளர் என்று பெயர் வைத்துக்கொண்டு அங்கே நின்றிருந்தவன் செய்யக்கூடிய நல்ல காரியங்கள் ஐந்தாறாவது இருந்தன. நான் ஸ்கோர் போர்டைப் பார்த்தேன். ஒன்பது பாயிண்ட் எட்டிப் பிடிக்கக்கூடியதுதான் என்று தோன்றியது.

"இருவது நிமிசம்டா. ஆட்டம் முடியட்டும், பேசிக்கிறலாம்" என்றேன்.

அவன் என்னை ஒரு முறை பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததாகச் சொல்ல முடியாது. வரிசையில் வெகுநேரம் நின்றுவிட்டுக் கவுண்டரை மூடிவிட்டார்கள் என்று தெரிந்த மனுக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன், அப்படிப் பார்த்தான். பிறகு உள்ளே போனான். இடது மூலையில் நின்றான். கையை நீட்டினான்.

இருபது நிமிடமும் அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினான். அதைவிட நன்றாக அவன் ஆடி நான் பார்த்ததில்லை. ஒன்பது ஐந்தானது, ஐந்து மூன்றானது. எதிரணியின் கண்ணுள்ள ரைடரை இருவருமாக நான்கு முறை மடக்கினார்கள். நான் கோட்டோரம் துள்ளினேன், கைதட்டினேன். அந்த இருபது நிமிடம் எனக்கு அந்தப் பெண்ணின் கை நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, வரவில்லை. கடைசி ரைடில் எங்கள் பரோட்டா ரைடர் தொட்டுவிட்டுத் திரும்பும்போது கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் காலைப் பிடித்துவிட்டார்கள். இரண்டு பாயிண்டில் தோற்றோம். மூன்றாவது இடம்.

விசில் ஊதியதும் அண்ணன் கையை உதறிவிட்டு, மேட் விரிப்பிலிருந்து இறங்கி, குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினான். பனியனைக்கூட மாற்றாமல் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். நான் பின்னால் போகவில்லை. மிச்சப் பேரோடு மதியம் கிளம்பிய பஸ்ஸில் மாப்பிள்ளை என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "சும்மா முறுக்குனேண்ணே, ஒடியும்னு நெனக்கல" என்றான். பின்னால் போய் உட்காரச் சொன்னேன். ஆறு மணி நேரப் பயணத்தில் நான் செய்த வீரம் அம்புட்டுத்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தடத்தைப் பார்த்தது, டம்ளரைத் தொடாமல் உட்கார்ந்தது, இருபது நிமிடம் என்று சொன்னது, எல்லாம். பிறகு, "உங்க சித்தப்பா எங்க வீட்டுல தண்ணி குடிக்காம உக்காந்திருந்தப்ப எங்க அப்பா முகத்தப் பாத்துத்தான் நான் கெளம்புனேன். உங்களுக்காக வந்தேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தீங்களா இத்தன வருசமா?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்த வாரமே செயலாளர் அறிக்கை கேட்டார். தோல்விக்குக் காரணம் என்ற இடத்தில் வீரர்களுக்குக் காயம் என்று போட்டுவிடு, அடுத்த வருடமும் நீயே பார், இரண்டு பாயிண்ட்தானே என்றார். நான்கு வருடங்களில் இதுதான் நல்ல முடிவு என்றும் சொன்னார். எனக்கு முடியாது என்றேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். முதலில் காரணம் சொல்லாமல் மறுத்துவிட்டுப் போன அந்த மூன்றாமவர் மாதிரி எனக்குச் சிரிக்க வரவில்லை.

இன்னும் பத்து நாள் போயிருக்கும். அலுவலகத்தில் இருந்தபோது அண்ணன் போன் செய்தான். மறுநாள் மகளிர் காவல் நிலையத்துக்கு வர முடியுமா என்று கேட்டான். மாப்பிள்ளை வீட்டார், அவள் படியில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள் என்கிறார்களாம். அதற்கு முன்னால் அடித்ததற்கும் ஆஸ்பத்திரிச் சீட்டு எதுவும் இல்லையாம். "மொதல்ல அடிச்ச தடத்த வெளியாளு யாராச்சும் பாத்தாகளான்னு கேக்குறாகண்ணே. நீங்க பாத்தீகள்ல" என்றான்.

பார்த்தேன் என்று நான் அவனிடம் சொன்னதே இல்லை. காலண்டருக்குத் திரும்பிய என் கண்ணை வாசலோரம் நின்று அவன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அது தெரிந்தும் அத்தனை வாரமும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். வாரேன் என்றேன்.

காவல் நிலையத்தில் ஒரு பெஞ்சில் அண்ணனும் அந்த அம்மாவும் நடுவில் அந்தப் பெண்ணும் இருந்தார்கள். அதன் கை மாவுக்கட்டோடு கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. இன்ஸ்பெக்டர் அம்மா என்னை எதிரில் உட்காரச் சொல்லி, வேலை, வயது எல்லாம் எழுதிக்கொண்டார். தடம் எங்கே இருந்தது என்று கேட்டார். என் தாடையில் தொட்டுக் காட்டினேன். நிறம் கேட்டார், சொன்னேன். நன்றாகப் பார்த்தீர்களா என்று கேட்டார். நன்றாகப் பார்த்தேன் என்றேன்.

"பாத்துட்டு என்ன செஞ்சீங்க?"

"புருசன் வீட்டுக்குப் போகச் சொன்னேன் மேடம்."

பேனா நின்றது. "ஏன்?"

குடும்பம் பிரியக் கூடாது என்று சொல்லியிருக்கலாம். பெரிய மனுசர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், அவரும் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். எனக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லத் தெம்பு இல்லை.

"மாநிலப் போட்டி இருந்துச்சு. ரெண்டு பேரும் கை கோத்து நின்னாத்தான் ஜெயிக்க முடியும்னு நெனச்சேன். அதுக்காகத்தான் போனேன். ஆட்டத்துக்காகவான்னு இந்தப் பிள்ள கேட்டுச்சு, அதுக்கு இல்லேன்னு பொய் சொன்னேன்."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். முழுவதையும் உரக்க வாசித்துக் காட்டினார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையெழுத்துப் போடத் தாளை என் பக்கம் திருப்பினார். அப்போது பெஞ்சிலிருந்து அந்தப் பெண் பேசியது. சத்தமாகக்கூட இல்லை.

"அன்னைக்கே ஆமான்னு சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேண்ணே."